கற்பித்தற்கும் கற்றற்கும் இணையத் துணைகள்

மலர்க் குழுவினர் எம்மை அணுகி, இணையத்தில் விலையின்றிக் கிடைக்கும் கல்வித் துணைகளைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமெனக் கேட்டபோது சிறிது தயங்கினோம். தமிழாசிரியரிடம் நன்னூலைப் பற்றியோ நளவெண்பாவைப் பற்றியோ கேட்பதே மலர்களின் மரபு. கணினித்துறை கற்ற இளம் ஆசிரியர் கல்லூரியிற் பலர் உளர். யாம் ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்ற காலத்திலோ கரும்பலகையும் வெண்கட்டியும் பிரிஸ்டல் அட்டையுமே எமக்குரிய துணைக்கருவிகள். அங்ஙனமிருந்தும் இவ்வேண்டுகோளை ஏற்றமைக்குக் காரணம் ஒன்றுண்டு. இத்துணைகளாற் பெரும்பயன் எய்தத்தக்க பாடங்களுள் தமிழும் ஒன்று. ஆயின் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்குமே இவை உரியன என்னும் எண்ணம் மாணாக்கரிடத்தும், எம் தொழிலினர் பலரிடத்தும் நிலவுகின்றது. அவ்வெண்ணத்தை ஒரு சிறிது அசைத்துப் பார்க்கவே எழுதத் துணிந்தோம்.

யாம் மாணவராயிருந்தபோது எம் ஊர் வாசிகசாலையில் நாளிதழ் உண்டு, கரம் பலகை உண்டு, பேரகராதி இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை யாம் முதன்முதற் கண்டது கலாசாலை நூலகத்துப் பூட்டிய அலுமாரியின் கண்ணாடிக்கு அப்பால்தான். திறப்பு நூலகரிடம் இருந்தது. நூலகரோ அன்று விடுமுறை. இன்று அவ்வகராதி முழுவதையும் சிக்காகோப் பல்கலைக்கழகம் தன் இணையத்தளத்தில் எவர்க்கும் திறந்து வைத்திருக்கின்றது. ஆறாந் தரத்துச் சிறுவன் தன் தாயாரின் கைத்தொலைபேசியில் ஒரு சொல்லை இட்டால், அதன் பொருள்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கணத்தில் அவன் முன் நிற்கும். அப்பொருளில் அச்சொல்லை ஆண்ட நூலின் பெயரும் பல இடங்களிற் குறிக்கப்பட்டிருக்கும். 1862 இல் வெளிவந்த வின்சுலோ பாதிரியாரின் அகராதியும் அவ்விடத்தே உண்டு. அதற்கு அடிகோலிய சொற்றொகுப்பு யாழ்ப்பாணத்திலே மிசனரிமாராலும் அவர்க்குத் துணைநின்ற தமிழறிஞராலும் தொடங்கப்பெற்றது என்பதைக் கூறும்போது மாணாக்கர் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கின்றோம்.

வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுதல் இவ்விடத்திற்குப் பொருந்தும். பத்தாந் தரத்து மாணாக்கரிடம் 'கழகம்' என்னும் சொல்லைக் கொடுத்து, வீட்டிற் பொருள் பார்த்து வருமாறு பணித்தோம். மறுநாள் வகுப்பில் ஒரே சிரிப்பு. கற்றோர் கூடும் அவை என்பதோடு, சூதாடும் இடம் என்பதும் அகராதியிற் பொருளாகக் காணப்பட்டதே காரணம். "அப்ப பல்கலைக்கழகம், சேர்?" என்றான் ஒருவன். தன் ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் தன் தமையனே என்றும், அகராதி கூறுவது அங்குள்ள நிலைமைக்கு முற்றிலும் பொருந்தும் என்றும் மற்றொருவன் உரைத்தான். சிரிப்பு அடங்கிய பின், அச்சொல் திருக்குறளில் எங்குளது எனத் தேடச் செய்தோம். 'கழகம்' என்று இட்டுத் தேடியவர்க்கு ஒன்றும் அகப்படவில்லை. திருக்குறளில் அச்சொல் இல்லையென்றே அவர் முடிவுகட்டினர்.

பாடம் தொடங்கியது அவ்விடத்திலேதான். மகர மெய்யை விட்டுவிட்டுக் 'கழக' என்னுமளவில் நிறுத்தித் தேடுமாறு கூறினோம். இரண்டிடங்கள் வெளிப்பட்டன. இரண்டும் சூது என்னும் அதிகாரத்தில் உள்ளவை. ஓரிடத்தில் அச்சொல் உம்மை பெற்றும், மற்றோரிடத்தில் அத்துச்சாரியை பெற்றும் நின்றது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பொறிக்குச் சாரியை தெரியாது, உருபு தெரியாது, புணர்ச்சி தெரியாது. மரம் என்று தேடுவார்க்கு மரத்தை அகப்படாது. பொருள் என்று தேடுவார்க்குப் பொருட்பால் அகப்படாது. ஒரு சொல் எவ்வெவ்வாறு திரியும், எவ்விடத்திற் கெடும், எதனோடு ஒட்டும் என்பதை அறிந்தவனே தேடிக் கண்டடைவான். "புணரியல் எதற்காகப் படிக்க வேண்டும்" என்று எம்மைக் கேட்ட மாணாக்கர்க்கு நெடுங்காலம் யாம் தக்க விடை கூறியதில்லை. இப்போது கூறுகின்றோம்.

இன்னும் ஒருபடி சென்று கம்பராமாயணத்திலே தேடச் செய்தபோது, பாலகாண்டத்தில் அதே சொல் கலை பயிலும் இடத்தைக் குறித்து வந்தமை கண்டனர். திருவள்ளுவர் வாக்கிற் சூதாடு களமாயிருந்தது கம்பர் வாக்கிற் கல்விக் களமாயிற்று. இவையனைத்தும் 40 நிமிடப் பாடவேளை ஒன்றுக்குள் நிகழ்ந்தன. எம் இளமையில் இவ்வாராய்ச்சிக்கு ஒரு பண்டிதரின் நினைவாற்றல் வேண்டியிருந்தது.

இத்தேடலுக்கு உதவிய நூற்பிரதிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் மாணாக்கர் அறிதல் வேண்டும். 1998 ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று தொடங்கப்பெற்றது மதுரைத் திட்டம். சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த அறிஞர் கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். பல நாடுகளிலுள்ள அன்பர்கள் தத்தம் வீட்டிலிருந்து, ஊதியம் ஒன்றும் பெறாது, பக்கம் பக்கமாகத் தட்டச்சிட்டுச் சரிபார்த்து அனுப்பிய நூல்களே அங்குள்ளவை. 2001 முதல் இயங்கிவரும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலே பல இலக்கியங்கள் உரையோடு கிடைக்கின்றன. செய்யுளும் உரையும் அருகருகே இருத்தலின் உயர்தர மாணாக்கர்க்கு அது மிகவும் ஏற்றது.

ஆயினும் இவ்விடத்தில் எமது இழுக்கு ஒன்றை மறையாது கூறுவோம். ஒருமுறை வீட்டில் நூலைத் தேடச் சோம்பி, எங்கோ ஓர் இணையப் பக்கத்திற் கண்ட செய்யுளைப் படியெடுத்துக் கரும்பலகையில் எழுதினோம். றகரம் நிற்கவேண்டிய ஓரிடத்தில் ரகரம் நின்றது. அப்பிழைச் சொல்லுக்கும் ஒரு பொருளை வருவித்து, நயமும் எடுத்துரைத்து, வகுப்பை முடித்துவிட்டோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகின்றோம். மறுநாட் காலையில் மாணவன் ஒருவன் கடதாசி உறையிட்ட பழம் புத்தகம் ஒன்றோடு ஆசிரியர் அறை வாயிலில் நின்றான். "சேர், எங்கட அப்புவின்ர புத்தகத்தில வேற மாதிரிக் கிடக்கு" என்றான். அப்புவின் புத்தகமே சரி. வகுப்பில் அதனைச் சொல்லித் திருத்தினோம். அன்று முதல் இணையத்திலிருந்து எடுக்கும் செய்யுள் எதனையும் அச்சுப் பதிப்பு ஒன்றோடேனும் ஒப்பிடாமற் கரும்பலகைக்குக் கொண்டுசெல்வதில்லை.

அந்நிகழ்ச்சி எமக்கு வேறொன்றையும் நினைவூட்டிற்று. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இற் கலித்தொகையை முதன்முதல் அச்சேற்றியபோது ஏட்டுப் பிரதிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடங்களைத் தெரிந்து பதிப்பித்தார். ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தபோது வேண்டியிருந்த அவ்விழிப்பு, அச்சிலிருந்து திரைக்கு வரும்போதும் வேண்டும். வேறுபாடு யாதெனின், அன்று அவர் ஒருவர் பட்ட பாட்டை இன்று 35 பேர் கொண்ட வகுப்புக்குப் பகிர்ந்தளிக்கலாம். ஒவ்வொரு தவணையிலும் ஒரு பதிகத்தையோ படலப் பகுதியையோ மாணாக்கர்க்குப் பிரித்துக் கொடுத்து, இணையப் பிரதியையும் அச்சுப் பிரதியையும் ஒப்பிட்டு வேறுபாடு குறித்துவரச் செய்கின்றோம். செய்யுள் மனத்திற் பதிவதற்கு இதனினும் எளிய வழியை யாம் அறியோம்.

இவ்வகை வேலைக்கு ஒப்பற்ற துணையாவது நூலகம் என்னும் எண்ணிம நூலகம். 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பாடசாலை மலர்களையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துச் சேர்த்து வைத்திருக்கின்றது. மதுரைத் திட்டத்திற் காண்பது மீளத் தட்டச்சிட்ட எழுத்து. நூலகத்தில் பெரும்பாலும் காண்பது பழைய பக்கத்தின் படமே. முன்னதிற் சொல்லைத் தேடலாம், ஆயின் தட்டச்சிட்டவர் பிழை புகுந்திருக்கக்கூடும். பின்னதில் அச்சான பக்கத்தை அவ்வண்ணமே காணலாம், ஆயின் கண்ணாலே தேடல் வேண்டும். இவ்விரண்டின் வேறுபாட்டை உயர்தர மாணாக்கர் உணர்ந்துவிட்டால், பிற்காலத்திற் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிமுறை பற்றிய முதலாம் விரிவுரையை அவர்கள் கேளாமலே கேட்டவராவர்.

சக ஆசிரியர்க்கும் ஒரு சொல். எம்மிற் பலர் 20 ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவிலே வினாத்தாள் தயாரித்து வைத்திருக்கின்றோம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக்களின் அலங்கோலமாய்த் தோன்றும். தேடினாலும் அகப்படா. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித்தரும் எழுத்துருமாற்றிகள் இணையத்தில் இலவசமாக உள. ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டால் 20 ஆண்டு உழைப்பு மீண்டும் உயிர்பெறும்.

ஏனைய பாடங்களைப் பற்றி எமக்குத் தெரிந்தது சிறிது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவவிலே பாடங்கள் மும்மொழியிலும் உண்டு. பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்தும், ஆசிரியர் வழிகாட்டிகளைத் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்திலிருந்தும் இறக்கிக்கொள்ளலாம். பாடநூலைத் தொலைத்த மாணவன் இனி அதனைச் சாட்டாகச் சொல்ல முடியாது. எம் கணித ஆசிரிய நண்பர் ஜியோஜிப்ரா என்னும் மென்பொருளில் அரைவட்டம் ஒன்றை வரைந்து, பரிதியிலுள்ள புள்ளியை இழுத்து இழுத்துக் காட்டினார். எங்கு இழுப்பினும் கோணம் 90 பாகையாகவே நின்றது. அத்தேற்றத்தை யாம் மாணவராயிருந்தபோது மனனஞ் செய்தோமேயன்றி நம்பினோமல்லோம். 2001 இற் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு பெற்ற காள் வீமன் அமெரிக்காவின் கொலறாடோப் பல்கலைக்கழகத்தில் 2002 இல் தொடக்கிவைத்த பெற் என்னும் திட்டத்தில் மின்சுற்று, ஊசல், அமிலம் முதலியவற்றுக்கான பரிசோதனைப் பாவனைகள் உள. ஒருமுறை இறக்கிவைத்தால் இணையம் இன்றியும் அவை இயங்கும் என்பதே ஆய்வுகூட வசதி குறைந்த பாடசாலைகட்குப் பெருஞ்சிறப்பு.

மாணாக்கர் தாமே படித்தற்கு உதவுவனவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துரைப்போம். அதன் பெயர் அங்கி. கேள்வியை ஒருபுறமும் விடையை மறுபுறமும் கொண்ட அட்டைகளை நாம் ஆக்கிக்கொடுத்தால், எதனை இன்று கேட்கவேண்டும், எதனை ஒரு கிழமை கழித்துக் கேட்கவேண்டும் என்று அதுவே கணக்கிட்டுக் கேட்கும். சரியாகச் சொன்ன அட்டை நீண்ட இடைவெளியின் பின்னரும், தவறிய அட்டை விரைவாகவும் திரும்பி வரும். கற்றது நாட்செல்ல எவ்வாறு மறக்கின்றது என்பதைச் செருமானிய அறிஞர் எபிங்கவுசு தம்மையே சோதனைப்பொருளாக்கி அளந்து 1885 இல் வெளியிட்டார். மறக்கப்போகும் தறுவாயில் மீட்டலே சிக்கனமான மீட்டல் என்பதே இக்கருவியின் அடிப்படை. திண்ணைப் பள்ளியிலே நிகண்டை நாடோறும் ஒப்புவித்த நம் முன்னோர் இதனை வேறொரு பெயரால் அறிந்திருந்தனர். கணினியிலும் அன்ட்ரொயிட் தொலைபேசியிலும் இது இலவசம். ஐபோனுக்கு விலையுண்டு. தொலைபேசியே இல்லாதவன் சவர்க்காரப் பெட்டி ஐந்தைக் கொண்டும் இதனைச் செய்யலாம். தெரிந்த அட்டையை அடுத்த பெட்டிக்கும் தெரியாததை முதற் பெட்டிக்கும் மாற்றும் அம்முறையை லைற்னர் என்பார் 1972 இல் நூலாக எழுதினார். இலக்கணக் குறிப்பும் உவமைத்தொடரும் எதிர்ப்பதமும் கற்றற்கு இதனை மிஞ்சியது இல்லை. ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது. அட்டையை மாணவன் தன் கையாலே ஆக்குதல் வேண்டும். பிறர் ஆக்கிய அட்டைகளை வாங்கிக்கொள்பவன், நண்பன் அடிக்கோடிட்ட புத்தகத்தைப் பரீட்சைக்கு முதனாள் இரவல் வாங்கியவனை ஒப்பான்.

இனிப் பலரும் எம்மிடம் கேட்கும் வினாவுக்கு வருவோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததன் பின் பொறியே கட்டுரை எழுதித் தருகின்றது. ஒருமுறை எம் வகுப்பில் மூவர் கட்டுரைகள் ஒரே வாயாற் பேசின. முதல் வாக்கியம் மூன்றிலும் ஒன்றே. மூவரும் வெவ்வேறு ஊரினர். ஒரு கட்டுரையில் மேற்கோளாக ஒரு குறளும் காணப்பட்டது. தளை தட்டிற்று. அம்மாணவனைத் தண்டிக்காது, அக்குறளின் எண் யாது எனத் தேடிவருமாறு பணித்தோம். இரண்டு நாள் தேடினான். 1330 குறளிலும் அஃது இல்லை. மூன்றாம் நாள் வந்து, "சேர், அது பொய்க் குறள்" என்றான். அவ்விரண்டு நாளில் அவன் வாசித்த மெய்க் குறள்கள் எத்தனை என்பதை யாம் கேட்கவில்லை.

அப்பொறியை யாம் முற்றாக வெறுக்கவில்லை. பந்தி ஒன்றைக் கொடுத்து, அதிலிருந்து பத்து வினா ஆக்கித் தருமாறு கேட்டால் ஆறேழு தேறும். எஞ்சியவற்றை ஏன் தள்ளினோம் என்று ஆராய்வதும் பயிற்சியே. ஆயின் அகராதியும் நூற்பிரதியும் மாணவனைத் தேடச் செய்கின்றன. இதுவோ தேடவேண்டியதில்லை எனக் கூறுகின்றது. 15 வயதில் எழுதிப் பழகாத கை 25 வயதில் வேலைக்கு விண்ணப்பம் எழுதத் தடுமாறும். ஆதலாற் கட்டுரை எமது வகுப்பில் இன்னும் பேனாவினாலேயே, எம் கண்முன்னரே எழுதப்படுகின்றது. இதனாற் சில பெற்றோர் எம்மைப் பழைமைவாதி என்பர். ஏற்றுக்கொள்ளுகின்றோம்.

இலவசம் என்னும் சொல்லையும் சற்று ஆராய்தல் நன்று. 1945 இல் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது அதன் செலவை அரசு ஏற்றது. மதுரைத் திட்டமும் நூலகமும் 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இலவசமாய் நிற்பது தன்னார்வலர் உழைப்பாலும் கொடையாலும். பெரு நிறுவனங்களின் இலவசமோ அவற்றின் வாணிகத்தைச் சார்ந்தது, எந்நாளும் மாறலாம். 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்ட பின் சூம் வழியாகப் பாடம் நடத்தியவர், கட்டணமில்லா வகுப்பு 40 நிமிடத்தில் அறுந்ததை மறந்திருக்கமாட்டார். அலங்காரத்துக்கு இலக்கணம் கூறி உதாரணத்துக்கு வாய்திறந்தபோது எம் வகுப்பு பலமுறை மறைந்தது. கூகுள் நிறுவனத்தின் ஜாம்போட் என்னும் வெண்பலகையிற் பாடக்குறிப்புக்களை வைத்திருந்தோர்க்கு 2024 டிசம்பர் 31 உடன் அக்கருவி இல்லாமற் போயிற்று. ஆகவே எக்கருவியில் எதனை ஆக்கினும் அதன் பிரதியொன்றைத் தம் கையில் வைத்திருத்தல் ஆசிரியர் கடன்.

மற்றொரு விலையும் உண்டு. அக்காலத்தில் யாம் வட்ஸ்அப்பில் அனுப்பிய பாடத்தை ஒரு மாணவன் இரவு பத்து மணிக்குப் பின்னரே திறப்பான். சோம்பலென எண்ணிக் கடிந்தும் எழுதினோம். பின்னரே உண்மை தெரிந்தது. வீட்டில் ஒரே தொலைபேசி. அது தந்தையாரோடு வேலைக்குச் சென்று மாலையில் மீளும். அக்காள்மார் இருவர் முறைக்குப் பின்னரே அவன் முறை. டேற்றா தீர்ந்த நாளில் அவன் முறை வருவதேயில்லை. கடிந்து எழுதியதை எண்ணி இன்றும் வருந்துகின்றோம். இப்போது வீட்டுவேலைக்கு இணையம் வேண்டுமாயின், அதனைச் செய்தற்குக் கல்லூரி நூலகத்திலே நேரம் ஒதுக்கிவிட்டே கொடுக்கின்றோம். கிவிக்ஸ் என்னும் மென்பொருளின் உதவியால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் நூலகக் கணினியில் இறக்கி வைக்கப்பட்டிருக்கின்றது. மின்சாரம் இருந்தாற் போதும், இணையம் வேண்டுவதில்லை. வேண்டிய செய்யுட் பகுதிகளை அச்சிட்டு வைத்திருக்கின்றோம். மாணாக்கர் கைத்தொலைபேசி கொண்டுவரலாகாது என்னும் கல்லூரி விதிக்கு இதனால் ஊறும் இல்லை.

முடிவாகப் பழைய மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதன் பின்னர் இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளிலிருந்து போனவற்றுக்குக் கணக்கில்லை. எம் கல்லூரி மலர்களின் வரிசையும் முழுமையாயில்லை. சென்ற ஆண்டு பதினோராந் தர மாணாக்கர் சிலர், கைத்தொலைபேசியிலே பக்கங்களைப் படம்பிடித்துச் சீராக்கும் இலவசச் செயலி ஒன்றைக் கற்று, நூலகத்திலுள்ள பழைய மலர்களைப் பக்கம் பிசகாமற் படமாக்கத் தொடங்கினர். அதிபரின் அனுமதியோடும் எம் மேற்பார்வையிலும், எம் தொலைபேசியிலேயே, அவ்வேலை நடைபெறுகின்றது. ஒவ்வொரு மலருக்கும் பொருளடக்கத்தை ஒருங்குறியில் தட்டச்சிட்டு வைக்கின்றனர். தம் பாட்டனார் பெயரைத் துடுப்பாட்டக் குழுவின் பட்டியலிற் கண்ட ஒருவன் அன்று வீடு செல்ல மறந்தான்.

தங்கள் இல்லத்தில், பரணிலோ பெட்டகத்திலோ, பழைய மலர் இருப்பின் இரவலாக உதவுக. சனிக்கிழமை காலை 9 மணி முதல் நண்பகல் வரை நூலகம் திறந்திருக்கும். தைத்த நூல் அறுந்திருப்பினும், செல்லரித்திருப்பினும் பாதகமில்லை. ஒரு மணி நேரத்திற் படமெடுத்துத் தங்கள் கண்முன்னரே மீள ஒப்படைப்போம். வெளிநாட்டிலிருப்போர் பக்கங்களைத் தாமே படம்பிடித்து அனுப்பலாம். நல்ல வெளிச்சத்தில், நிழல் விழாது, பக்க எண் தெரிய எடுத்தாற் போதும். 1957, 1963 ஆகிய ஆண்டு மலர்கள் எமக்கு இன்னும் கிட்டவில்லை. 1960 ஆம் ஆண்டு மலர் கிடைத்துளது. ஆயின் அதன் முதல் எட்டுப் பக்கங்கள் இல்லை.